பாத்திச் சுவரும் ஈரமண்ணும்

எமது கல்லூரித் தோட்டத்தின் வடபுறத்து உயர்பாத்தியின் நெடுஞ்சுவர் 2018 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 21 ஆம் திகதி இரவு பெய்த பெருமழையில் வீழ்ந்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வீடு வாசல்களையும் ஆடு மாடுகளையும் வயல்களையும் வெள்ளங் கொண்ட அவ்விரவிலே பதினாறு அடி நீளமும் இரண்டரை அடி உயரமுமுடைய ஒரு தோட்டச் சுவர் வீழ்ந்தமை பெரிதாக எவர் கண்ணிலும் படவில்லை. படவேண்டியதுமன்று. ஆயினும் அச்சுவர் ஏன் வீழ்ந்ததென்பதை ஆராயப் புகுந்த எமக்கு, வகுப்பறையிற் பல்லாண்டு கற்பித்தும் நாமே சரிவர விளங்கிக்கொள்ளாதிருந்த சில உண்மைகள் புலப்பட்டன. அவற்றை இம்மலர் வாயிலாகப் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் எடுத்துரைத்தல் பயனுடைத்தாகும் என எண்ணுகின்றோம்.

முதற்கண், அப்பாத்தியை அத்துணை உயரமாகக் கட்டியதன் காரணத்தைக் கூறுதல் வேண்டும். வன்னியில் உயர்பாத்தி புதிதன்று. மாரியில் நீர் தேங்கும் தாழ்நிலத்தில் மிளகாயும் கத்தரியும் வைப்போர் மண்ணை அரையடி உயர்த்திக் கட்டுதல் வழக்கம். அதற்குச் சுவர் வேண்டாம். சரிவாக அணைத்த மண்ணே போதும். எமது பாத்தி வேறு நோக்கமுடையது. போரிற் காலிழந்தவர்களும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களும் இம்மண்ணிற் பலர். எமது பழைய மாணவரிடையேயும் உளர். அவர்களுள் ஒருவர் சக்கர நாற்காலியில் வந்து, “குனிய ஏலாது; மண் எனக்குக் கிட்ட வந்தால் நான் பயிர் வைப்பேன்” என்றார். நாற்காலியில் இருந்தபடியே கைக்கெட்டும் உயரம் ஏறத்தாழ இரண்டரை அடி. ஒரு பக்கத்திலிருந்து கை செல்லக்கூடிய தூரம் இரண்டடி. ஆகவே இரு பக்கமும் அணுகத்தக்க பாத்தியின் அகலம் நான்கடிக்கு மேற்படலாகாது. இவ்வளவுகளின்படி ஆறங்குலச் சீமெந்துக் கற்களால் ஒரு பெட்டி போலக் கட்டி, மண் நிரப்பி, அவரிடம் ஒப்படைத்தோம்.

கட்டும்போது நாம் மிகுந்த கவனம் எடுத்துக்கொண்டதாகவே நினைத்தோம். ஈரமண் சுவரை அரிக்கும் என்று எவரும் கூறுவரன்றோ? ஆதலின் சுவரின் உட்புறத்தைச் சீமெந்துச் சாந்தினால் நன்கு பூசினோம். அடியிலும் கொங்கிறீற்றுத் தளம் இட்டோம். நீர் எங்கும் கசியாதபடி மூலைகளை இரட்டிப்பாகப் பூசினோம். மேசனாரும் எமது முன்னெச்சரிக்கையை மெச்சினார். உண்மையில் நாம் கட்டியது பாத்தியன்று, தொட்டி. இரண்டு மாரிகளை அது எவ்வாறோ தாங்கி நின்றது. மூன்றாவது மாரியிற் சாய்ந்தது. குறுஞ்சுவர்கள் இரண்டும் நின்றன. நெடுஞ்சுவரே நடுவில் வயிறு தள்ளி வெளிப்புறமாக வீழ்ந்தது.

இதனை விளக்குதற்கு முன் முல்லைத்தீவுக் கடற்கரைக்குச் சென்று வருவோம். உலர்ந்த மணலைக் கையால் அள்ளிக் குவித்தால் அது சரிந்து பரவும். சிறிது நனைந்த மணலைக் கொண்டு சிறுவர் கோட்டை கட்டுவர். செங்குத்தான மதிலும் நிற்கும். அதே மணலின்மேல் அலை வந்து நிறைந்தால் மதில் கரைந்து போகும். மணல் ஒன்றே, நீரின் அளவே வேறு. மணிகளுக்கிடையே நீர் சிறிதளவே இருக்கும்போது அதன் மேற்பரப்பிழுவிசை மணிகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கின்றது. இடைவெளிகள் யாவும் நீரால் நிறைந்துவிட்டால் அவ்விழுவை மறைந்து, நீர் மணிகளைத் தள்ளத் தொடங்குகின்றது. ஆகவே ஈரம் வேறு, தேங்கிய நீர் வேறு. பயிருக்கு வேண்டுவது முன்னது. சுவருக்குப் பகையாவது பின்னது. நாமோ ஈரத்துக்கு அஞ்சி நீரைச் சிறைவைத்தோம்.

மண்ணைத் தாங்கும் சுவரை மண் எவ்வளவு தள்ளும் என்பதை முறையாகக் கணித்தவர்களுள் முதல்வர், மின்னேற்றங்களின் விசைபற்றிய விதியால் எம் மாணவர் யாவரும் பெயரறிந்த பிரான்சு நாட்டுக் கூலோம் என்பவரே. அவர் இராணுவப் பொறியியலாளராக மார்த்தினிக்குத் தீவிற் கோட்டை கட்டுவித்தவர். அங்குப் பெற்ற பட்டறிவைக் கொண்டு 1773 ஆம் ஆண்டிற் பாரிசு விஞ்ஞானக் கழகத்தில் அவர் சமர்ப்பித்த ஆய்வு 1776 இல் அச்சாயிற்று. 1857 இல் இசுக்கொத்துலாந்து நாட்டு இராங்கின் என்பவர் அதனை எளிய சூத்திரமாக்கினார். மணற்பாங்கான உலர் மண்ணில், எந்த ஆழத்திலும் பக்கவாட்டிலுள்ள அமுக்கம் மேலிருந்து கீழ்நோக்கிய அமுக்கத்தின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும் என்பதே எமக்கு வேண்டிய அளவு. நீருக்கோ அத்தகைய சலுகை இல்லை. அது கீழே எவ்வளவு அமுக்குமோ அவ்வளவும் பக்கத்திலும் அமுக்கும்.

இனிக் கணக்கைச் செய்து பார்ப்போம். உயர்தர வகுப்பு மாணவர் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்க. மண்ணின் ஆழம் 75 சென்ரிமீற்றர். ஒரு கனமீற்றர் மண்ணின் நிறை 1600 கிலோகிராம் எனக் கொள்வோம். அமுக்கம் ஆழத்தோடு சீராக வளர்வதால், சுவரின் ஒரு மீற்றர் நீளத்தின்மீது மண் தள்ளும் மொத்த விசை, அரைவாசியை மூன்றில் ஒன்றாலும் 1600 ஆலும் 0.75 இன் வர்க்கத்தாலும் பெருக்க வருவது. அஃதாவது 150 கிலோகிராம் நிறைக்குச் சமம். இப்பொழுது மழை பெய்து பாத்தி விளிம்புவரை நீர் நிறைந்து நிற்கின்றது. நீருள் அமிழ்ந்த மண் மிதப்பினால் நிறை குறைந்து கனமீற்றருக்கு 1000 கிலோகிராம் அளவாகும். எனவே மண்ணின் தள்ளுகை ஏறத்தாழ 94 கிலோகிராமாகத் தாழும். ஆயின் நீரின் தள்ளுகை தனியே 281 கிலோகிராம். இரண்டுஞ் சேர 375. அஃதாவது, ஒரு கல்லேனும் ஒரு கூடை மண்ணேனும் மேலதிகமாக வைக்காமலே, சுவரின்மீதான சுமை இரண்டரை மடங்காயிற்று.

இவ்விசை அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், 25 சென்ரிமீற்றரில், தாக்குவதாகக் கொள்ளலாம். சுவரைக் கவிழ்க்கும் திருப்புதிறன் உலர்ந்தபோது 37.5 கிலோகிராம் மீற்றர். நீர் நிறைந்தபோது ஏறக்குறைய 94. எதிர்த்து நிற்பது சுவரின் சொந்த நிறை. ஆறங்குலச் சுவர் ஒரு மீற்றர் நீளத்துக்கு 225 கிலோகிராம் அளவு நிறையுடையது. அதன் திருப்புதிறன் 17 மாத்திரமே. அவ்வாறாயின் உலர்ந்த காலத்திலுங்கூட அது வீழ்ந்திருக்க வேண்டுமே என மாணவர் வினவுவர். நல்ல வினா. சாந்தின் பிடிப்பும், மூலைகளில் குறுஞ்சுவர் கொடுத்த துணையும், இளவீர மண்ணுக்குத் தன்னிடத்தேயுள்ள ஒட்டுமையும் சேர்ந்தே அதனைத் தாங்கி நின்றன. மூலைக்கு அண்மையில் அத்துணை வலிது, நடுவில் மெலிது. சுவர் நடுவில் வயிறு தள்ளியதன் காரணமும் அதுவே. நீர் நிறைந்தவுடன் மண்ணின் ஒட்டுமையும் போயிற்று, சுமையும் மிகுந்தது. சுவரைத் தடிப்பாக்கினால் என்ன? ஓரடித் தடிப்பாக்கினாலும் அதன் எதிர்ப்பு 67 அளவே. 94 ஐத் தாங்கமாட்டாது. சீமெந்து மூடைக்கு இன்று கொடுக்கும் விலையை எண்ணுக. நீருக்கு ஒரு வழிவிடுதற்கு ஒரு சதமும் செல்லாது.

இவ்வுண்மை எம் நாட்டுக்குப் புதிதன்று. இரணைமடுக் குளக்கட்டின்மேல் நடந்து செல்லாத கிளிநொச்சி மாணவர் எவருமிலர். கனகராயன் ஆற்று நீரைத் தேக்கி வைத்திருக்கும் அக்கட்டு மண்ணாலாயது. மண்கட்டு எதுவாயினும் நீர் அதனூடே கசிந்தே தீரும். கசிவை முற்றாக அடைத்துவிட முயல்வது பயனற்றது. கசியும் நீரை எங்கு, எவ்வாறு வெளியேற்றுவது என்பதே குளக்கட்டுக் கலையின் சாரம். நீர்ப்புறத்தில் அலையடிக்கும் சரிவுக்குக் கல் பதிப்பர். மறுபுறத்துச் சரிவிற் புல் வளரவிடுவர், மரம் வளரவிடார். அடிவாரத்திற் கசிவு வெளிப்படும் இடத்தில் மணல், அதன்மேற் பரல், அதன்மேற் கல் என அடுக்கி, நீர் போக மண் போகாதபடி வடிகட்டு அமைப்பர். இக்காலத்து மண்பொறியியலின் தந்தை எனப்படும் கார்ள் தெர்சாகி, 1925 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலினால் இத்துறைக்கு அடித்தளமிட்டவர், இவ்வடிகட்டுக்கு அளவும் வகுத்தார். காக்கப்படும் மண்ணின் பருமணிகளை நோக்க, வடிகட்டின் நுண்மணிகள் நான்கைந்து மடங்கிற்கு மேற் பெரியனவாக இருத்தலாகாது. மேற்பட்டால் மண் மணிகள் கற்களிடையே நுழைந்து ஓடிவிடும். ஒரேயடியாகப் பெருங்கல் இடுவோர் செய்யும் பிழை இதுவே.

குளங்காப்போர் மரபில் ஒரு சோதனை உண்டு. கட்டின் அடியிற் கசியும் நீர் தெளிவாக வந்தால் அஞ்சுவதில்லை. கலங்கி வந்தால் அன்றிரவு எவரும் உறங்குவதில்லை. கலங்கல், கட்டின் உள்ளே மண் அரித்துச் செல்லப்படுவதன் அடையாளம். இதனை மனத்திற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

இதுகாறும் நீரின் தள்ளுகைபற்றிக் கூறினோம். ஈரம் சுவருக்குள் ஊறுதலால் வருங் கேடு வேறு. அது மெல்லக் கொல்லும். சீமெந்துக் கல்லும் செங்கல்லும் நுண்டுளைகளால் நிறைந்தவை. மயிர்த்துளைமையினால் ஈரம் அவற்றில் மேலேறும். ஏறும் நீர் மண்ணிலுள்ள உப்புக்களையும் உடன்கொண்டு செல்லும். வெளிமுகத்தில் நீர் ஆவியாக, உப்பு எஞ்சும். பூநகரி போன்ற உவர்நீர்ப் பகுதிகளில் சுவரடியில் வெண்மையாக உப்புப் பூத்துக் கல் பொரிந்து உதிர்வதைக் கண்டிருப்பீர்கள். உப்புப் பளிங்குகள் துளைகளுக்குள் வளர்ந்து கல்லைப் பிளப்பதன் விளைவு அது. உரமும் இதற்குத் துணைபோகும். அமோனியஞ் சல்பேற்றை அளவின்றி இடும் பாத்திகளில், சல்பேற்று சீமெந்தின் கூறுகளோடு தாக்கமுற்று, முன்னிலும் பெருத்த கனவளவுடைய பொருள்களை உண்டாக்கிச் சாந்தை உள்ளிருந்தே வெடிக்கச் செய்யும். சுவரில் வடியும் வெண்கோடுகள் எல்லாம் இவ்வளவு தீயன அல்ல. சில, சீமெந்திலிருந்து கரைந்து வந்த கல்சியமைதரொட்சைட்டு காற்றின் காபனீரொட்சைட்டோடு சேர்ந்து கல்சியங்காபனேற்றாகிப் படிந்தவை. அவை பார்வைக்கே குறை.

எம் முன்னோர் மண்சுவர் வீடு கட்டியபோது இவ்வீரத்தை எவ்வாறு வென்றனர்? நிலத்தை உயர்த்தி மேடையாக்கினர். சுவரடியிலே குந்து கட்டினர். கிடுகுக் கூரையின் தாழ்வாரத்தைச் சுவருக்கு வெளியே நன்கு நீட்டினர். சாணமும் மண்ணுங் கலந்து அடிக்கடி மெழுகினர். அம்மெழுக்கு ஈரத்தை அடைத்துவைக்காது மூச்சுவிட இடங்கொடுப்பது. அச்சுவரின்மேல் இன்று அன்போடு சீமெந்து பூசுவோர், உட்புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிச் செய்து, சில மாரிகளிற் பூச்சு பாளமாகக் கழன்று வீழக் காண்கின்றனர்.

மரத்தாற் பாத்தி கட்டுவோர்க்கும் ஒரு சொல். ஈரமண்ணில் முட்டிக்கொண்டிருக்கும் மரத்துக்குப் பகை இரண்டு: உக்கலும் கறையானும். முற்றிய பனையின் வைரம் இவ்விரண்டையும் நெடுநாள் தாங்கும். இடம்பெயர்ந்த காலத்தில் எம்மக்கள் பதுங்குகுழிக்குக் கூரையாகப் பனங்குற்றி பரப்பியதும், இறுதி மாதங்களில் மண் நிரப்பும் பைகளுக்குத் தம் சேலைகளையே தைத்ததும் அறிவோம். ஈரமண்ணைத் தாங்குவதென்றால் என்னவென்று வன்னிக்கு எவரும் பாடஞ் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் பனை குறைந்துவிட்ட இந்நாளிற் பாத்திக்காகப் பனை தறித்தலை யாம் ஒப்போம். கழிவு எண்ணெய் பூசிய பலகையும், தார் எண்ணெய் ஊறிய பழைய புகையிரதச் சிலிப்பர்க் கட்டையும் உண்ணும் பயிருக்கு அருகிலே ஆகா. ஆசனிக்கு கலந்த மருந்தேற்றிய பலகையை அமெரிக்காவில் 2003 ஆம் ஆண்டின் இறுதியோடு வீட்டுத் தேவைகளிலிருந்து நீக்கினர். உடைந்த அசுபெசுத்தசுத் தகடுகளைப் பாத்தியோரத்தில் நாட்டும் வழக்கமும் சில வளவுகளிற் காணப்படுகின்றது. அதன் இழைத்தூசு நுரையீரலுக்குக் கேடு. அதனைக் கைவிடுக.

இனி, வீழ்ந்த சுவரை நாம் 2019 ஆம் ஆண்டுக் கோடையில் எவ்வாறு மீளக் கட்டினோம் என்பதைச் சொல்வோம். அடியிலிருந்த கொங்கிறீற்றுத் தளத்தை முதலில் உடைத்து அகற்றினோம். அதுவே கடினமான வேலையாயிற்று. பதினோராம் வகுப்பு மாணவர் இரண்டு சனிக்கிழமைகள் அலவாங்கோடு போராடினர். மேல்மண்ணைத் தோண்டி ஓரடி ஆழத்திற் கிரவல் இட்டு இடித்து, அதன்மேல் அத்திவாரங் கட்டினோம். நிலமட்டத்துக்குச் சிறிது மேலே, சீமெந்து ஒன்றுக்கு மணல் மூன்றாகச் சேர்த்த செறிந்த சாந்துப் படையிட்டு, அதன்மேல் தார் பூசினோம். நிலத்தீரம் கீழிருந்து ஏறாதிருத்தற்கு அது. பதினாறு அடிப் பெட்டியைக் குறுக்குச் சுவர் இரண்டினால் மூன்றாகப் பிரித்தோம். குறுக்குச் சுவர் நெடுஞ்சுவர்களை ஒன்றோடொன்று பிணைக்கும். முன்னர் மூலை மட்டுஞ் செய்த தொண்டை இப்பொழுது ஐந்தடிக்கு ஒருமுறை செய்கின்றது. கற்களை அடுக்கும்போதே முதல் வரிசையில் மூன்றடிக்கு ஒன்றாக ஒன்றரையங்குலக் குழாய்த் துண்டு வைத்து, வெளிநோக்கிச் சிறிது சரித்து, நீர்வடி துளைகள் அமைத்தோம்.

உட்புறத்தில் துளைகளின் முன்னே முட்டை அளவுக் கல், அதனைச் சூழப் பரல், அதற்குமேற் பெருமணல் என்று அரையடிப் படை இட்டோம். சுவரின் உள்முகத்தில் தடித்த பொலிதீனைத் தொங்கவிட்டோம். அது ஈரமண் கல்லோடு ஒட்டாது காப்பது. அதன் கீழ்விளிம்பு பரற்படையோடு நின்றுவிடவேண்டும். அடியில் விரித்தால் மறுபடியும் தொட்டியாகும். இவ்விடத்தில் எமக்குள்ளேயே கருத்து வேறுபாடு எழுந்தது. பொலிதீனுக்குப் பதிலாகத் தார் பூசலாம் என்றனர் சிலர். பெற்றோலியத் தாரானால் தீங்கு சிறிது. நிலக்கரித் தாரானால் நஞ்சு மிகுதி. கடையில் வாங்கும் பேணியில் எது உள்ளதென எல்லோராலும் அறிய இயலாமையால், பயிர்மண் தொடும் முகத்திற்குப் பொலிதீனே நன்று என முடிவு செய்தோம். தேங்காய்ப் பொச்சுமட்டையைச் சுவரோரத்தில் அடுக்கலாம் என்ற யோசனையும் வந்தது. பொச்சு நீரை உறிஞ்சிப் பிடிப்பது; பாத்தியின் நடுவில் நல்லது, சுவரோரத்தில் ஆகாது.

வெளிமுகத்தைப் பூசாது விட்டுச் சுண்ணாம்பு மட்டும் அடித்தோம். உள்ளே தப்பி நுழைந்த ஈரம் அவ்வழியே உலர்ந்து போகும். சுவரின் தலையில் வெளிப்புறமாகச் சரிந்த மூடுபடை கட்டினோம். நிரப்பிய மண், செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு. முருங்கன் பக்கத்துக் கருங்களி போன்ற மண் நனையும்போது வீங்கி, காயும்போது வெடிப்பது. அதனைத் தனியே நிரப்பினால் நீரின்றியே சுவரைத் தள்ளும். மண்ணை விளிம்புவரை நிரப்பாமல் இரண்டங்குலம் தாழ்த்தினோம். முருங்கையையும் கறிவேம்பையும் பாத்திக்குள் வைக்கவேண்டாமென அன்போடு தடுத்தோம். வேர் சுவருக்கு எத்தகைய உறவினர் என்பது யாவரும் அறிந்ததே. துளைகளின் கீழே பிளந்த குழாயை வாய்க்காலாகப் பதித்து நீரை வாழையடிக்கு விட்டோம். இல்லையேல் நாற்காலி வரும் பாதை சேறாகி, எவருக்காகப் பாத்தி கட்டினோமோ அவரே அணுகமாட்டாது போவார்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், வெள்ளிக்கிழமைகளில் அரச ஊழியருக்கு விடுமுறை அளித்து வீட்டுத்தோட்டஞ் செய்யுமாறு அரசு ஊக்கிய யூன் மாதத்தில், எமது அன்பர் தம் பாத்தியிலிருந்து கீரையும் கத்தரியும் கல்லூரி மதிய உணவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். தம்மைப் பார்க்க வந்தோர் பலருக்கு அவரே பாத்தி அளவு சொல்லிக்கொடுத்தார். தாங்கள் சொல்வதைக் காட்டிலும் அவர் சொல்வது மாணவர் மனத்திற் பதிகின்றது என ஆசிரியர் சிலர் மெலிதாகக் குறைப்பட்டதும் உண்டு.

பின்னொரு கார்த்திகையில், இரவு முழுதும் மழை பெய்த ஒரு விடியலில், அவர் எம்மைத் தொலைபேசியில் அழைத்தார். “நாலாம் துளையிலே தண்ணி கலங்கி வருகுது, சேர். மற்றதெல்லாம் தெளிவு” என்றார். குடைபிடித்துச் சென்று பார்த்தோம். மழை விட்டபின் அவ்விடத்து மண்ணை அகழ்ந்தபோது, பரல் இட்ட மாணவர் அந்த மூலையில் மணற்படையை இடாது விட்டிருந்தமை தெரிந்தது. மண்ணிற் கையளவு பொந்து விழுந்திருந்தது. இரண்டு வாளி பெருமணல் கொண்டு அதனைச் சீர்செய்து மூடினோம். மாலை மழையில் நாலாம் துளையும் தெளிந்த நீரே வடித்தது.